அளவு நாடா முதல் கார்பன் நிதி வரை: வெப்பமண்டல வனவியல், காலநிலை நிதி ஆய்வுத் துறைக்குள் நுழைய முழுமையான வழிகாட்டி

ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அதன் விட்டம் 50 செ.மீ. மரத்தின் உயரம் 30 மீட்டர். அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 0.6 கிராம். வெப்பமண்டலக் காடுகளுக்கு இன்று பரவலாகப் பயன்படும் 2014-ஆம் ஆண்டுச் சமன்பாடு சொல்வது இதுதான்: அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். 45,000 வரும். அதை 0.976 என்ற அடுக்குக்கு உயர்த்தி 0.0673 ஆல் பெருக்கினால் சுமார் 2,340 கிலோ உலர் நிறை. அதில் 47 விழுக்காடு கார்பன் என்று கொண்டால் 1.1 டன். 44-ஐ 12 ஆல் வகுத்த விகிதத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 4 டன் கார்பன் டை ஆக்சைடு. உலக வங்கியின் வன கார்பன் நிதியும் பசுமைக் காலநிலை நிதியமும் டன்னுக்கு 5 டாலர் என்ற கணக்கில் பணம் கொடுத்திருக்கின்றன. அப்படிப் பார்த்தால் இந்த மரத்தின் விலை 20 டாலர்.

ஆனால் அந்த 20 டாலர் நிற்கிற மரத்துக்குக் கிடைப்பதில்லை. "இந்தத் திட்டம் இல்லாவிட்டால் வெட்டப்பட்டிருக்கும், இப்போது வெட்டப்படவில்லை" என்று கணக்கில் காட்ட முடிந்த மரத்துக்கே கிடைக்கும். வெப்பமண்டல வனவியலும் சர்வதேச காலநிலை நிதியும் சந்திக்கும் இடம் இதுதான். மரத்தை அளக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்; நிதி அறிக்கை படிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு கணக்கின் நாடா முனையிலிருந்து பண முனைவரை போய்த் திரும்பி வரத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அந்த ஆளாக ஆவதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

படி 1: நாடுகளின் ஆவணங்களைப் படியுங்கள்

காடழிப்பைக் குறைக்கும் வளரும் நாடுகளுக்கு நிதி என்ற யோசனையை 2005-இல் மாண்ட்ரியல் மாநாட்டில் பப்புவா நியூ கினியும் கோஸ்டாரிகாவும் முன்வைத்தன. 2007 பாலி மாநாட்டில் அது பேச்சுவார்த்தைக்குள் வந்தது. 2010 கான்கூனில் சமூக, சூழல் பாதுகாப்பு நெறிகள் ஏழு வகுக்கப்பட்டன. 2013 வார்சாவில் விதிகள் முழுமையாயின. பாரிஸ் ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு அதை உறுதிப்படுத்தியது. இதற்குத்தான் ரெட் பிளஸ் என்று பெயர். பணம் கேட்கும் நாடு நான்கு விஷயங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும்: தேசியத் திட்டம், வன ஒப்பீட்டு அளவு (வெளியேற்றம் குறைந்ததா என்று எதனோடு ஒப்பிட்டுச் சொல்வது என்ற அடிப்படை எண்), கண்காணிப்பு அமைப்பு, பாதுகாப்பு நெறிகள் பற்றிய தகவல் அமைப்பு.

பாடப்புத்தகங்களைவிட நல்ல ஆசான் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் ஐ.நா. காலநிலை அமைப்பிடம் தந்த வன ஒப்பீட்டு அளவு ஆவணங்களும், அவற்றின் மீது நிபுணர்கள் எழுதிய மதிப்பீட்டு அறிக்கைகளும் இணையத்தில் பொதுவில் உள்ளன. பிரேசில், இந்தோனேசியா இரண்டையும் கட்டாயம் படியுங்கள். கூடவே இலங்கை 2017-இலும் இந்தியா 2018-இலும் தந்தவற்றைப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: காடு என்றால் எது? எந்த ஆண்டுகள் ஒப்பீட்டுக் காலம்? எந்தெந்தக் கார்பன் சேர்க்கப்பட்டது (மண், பட்ட மரம், வேர்)? காடு சிதைவது கணக்கில் உண்டா? பிழை வரம்பு எவ்வளவு?

முதல் கேள்வியிலேயே பலர் வழுக்குவார்கள். இந்திய வன அளவைத் துறையின் வரையறையில், 1 ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 10 விழுக்காட்டுக்கு மேல் விதானமும் (மேலிருந்து பார்த்தால் தரையை மறைக்கும் கிளை, இலைக் கூரை) இருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் எது என்பது பொருட்டல்ல. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் அதற்குள் வந்துவிடும். பிரேசிலின் வருடாந்தரக் காடழிப்புக் கணக்கோ அமேசானின் மூலக்காட்டை மட்டும், 6.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட வெட்டுகளாக எண்ணுகிறது. இரண்டு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடும் கட்டுரை எதுவாக இருந்தாலும் சந்தேகத்தோடு படியுங்கள்.

படி 2: பட்டம்

வனவியலில் தொடங்க விரும்பினால் தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி இருக்கிறது. இலங்கையில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் வனவியல், சூழலியல் படிப்பு உண்டு. அடுத்த நிலைக்கு டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பல்கலைக்கழகம், போபாலின் இந்திய வன மேலாண்மை நிறுவனம். பொருளியல், தாவரவியல், புவியியல், புள்ளியியல் படித்தவர்களும் தாராளமாக வரலாம். உண்மையில் பொருளியலோ புள்ளியியலோ படித்துவிட்டு இரண்டு பருவம் காட்டில் வேலை செய்தவருக்கு இந்தத் துறையில் போட்டி குறைவு.

முதுகலைக்கு ஜெர்மனியில் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தின் தாரண்ட் வளாகம், கோட்டிங்கன், நெதர்லாந்தில் வாகனிங்கன், வேல்ஸில் பாங்கர், டென்மார்க்கில் கோபன்ஹேகன். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஃப்ரைபர்க் பல்கலைக்கழகம் உள்ள பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் விதிவிலக்கு. அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். கட்டணம் இல்லை என்றாலும், உதவித்தொகை இல்லாமல் போகிறவர் விசாவுக்காக முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) பணம் காட்டியாக வேண்டும். 2024 செப்டம்பரில் அது ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்ந்தது.

உதவித்தொகையில் பலர் கோட்டைவிடுவது காலக்கணக்கில்தான். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) வளரும் நாட்டவருக்காக நடத்தும் முதுகலைத் திட்டம், பட்டத்துக்குப் பின் குறைந்தது 2 ஆண்டு பணி அனுபவம் கேட்கும். கடைசிப் பட்டம் பெற்று 6 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. படிப்பு முடித்ததும் விண்ணப்பித்தால் தள்ளுபடி, ஏழாம் ஆண்டில் விண்ணப்பித்தாலும் தள்ளுபடி. இடைப்பட்ட நான்கு ஆண்டுகள்தான் உங்களுடைய வாய்ப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், காமன்வெல்த் உதவித்தொகைகளையும், பட்டியலின மாணவர்களுக்கான இந்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையையும் இதே அட்டவணையில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

படி 3: காட்டில் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போக ஆசை வரும். போகாதீர்கள். வாஷிங்டனிலோ ரோமிலோ உட்கார்ந்து நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் யாரோ ஒருவர் மழையில் பிடித்த நாடா இருக்கிறது. அந்த நாடா எங்கெல்லாம் பொய் சொல்லும் என்று தெரியாமல் அந்த எண்ணை ஆராய முடியாது.

வழக்கமான நிரந்தர ஆய்வு மனை 100 × 100 மீட்டர், அதாவது 1 ஹெக்டேர். அதை 20 × 20 மீட்டர் கட்டங்களாக 25 ஆகப் பிரிப்பார்கள். 10 செ.மீ. விட்டமும் அதற்கு மேலும் உள்ள எல்லா மரங்களுக்கும் அலுமினியத் தகடு. வெப்பமண்டல மழைக்காட்டில் அது 400 முதல் 700 மரம் வரை போகும். நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்கு முதன்முறை அமைக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தேவைப்படும் பொருள்கள்: விட்ட நாடா, உயரம் அளக்கும் லேசர் கருவி அல்லது சாய்வுமானி, திசைகாட்டி, 50 மீட்டர் நாடா, ஜி.பி.எஸ்., தகடு, ஆணி, பெயின்ட், மடக்கு ஏணி. எல்லாவற்றுக்கும் மேலாக இனம் கண்டறியத் தெரிந்த ஒருவர். இனம் தெரியாவிட்டால் அடர்த்தி தெரியாது. அடர்த்தியை ஊகித்தால் உயிரிநிறையும் (மரத்தின் உலர் நிறை) ஊகம்தான்.

பிழைகள் எங்கே வருகின்றன என்று பார்ப்போம்.

பலகை வேர் (அடிமரத்திலிருந்து பலகைபோல் விரியும் வேர்) உள்ள மரத்தில் 1.3 மீட்டரிலேயே நாடாவைச் சுற்றிவிடுவது முதல் பிழை. 50 செ.மீ. மரம் 55 ஆகத் தெரிந்தால் உயிரிநிறை 10 அல்ல, 20 விழுக்காடு கூடிவிடும். விட்டம் வர்க்கமாகப் பெருகுவதே காரணம். அமேசான் மனைகளின் நெறிமுறைப்படி பலகை வேர் முடியும் இடத்துக்கு 50 செ.மீ. மேலே அளக்க வேண்டும். ஏணி அதற்குத்தான். அளந்த உயரத்தைக் குறிப்பேட்டில் எழுதி, மரத்தில் பெயின்ட் கோடு போடுங்கள். தகட்டின் ஆணியை அந்தக் கோட்டுக்கு 30 செ.மீ. மேலே அடியுங்கள். கோட்டிலேயே அடித்தால் சில ஆண்டுகளில் மரம் அங்கே புடைத்து, அடுத்த அளவீட்டைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது, சரிவு. 30 பாகைச் சரிவில் கிடைமட்டமாக 20 மீட்டர் வேண்டுமானால் தரையோடு 23.1 மீட்டர் போக வேண்டும். திருத்தாமல் 20 மீட்டரோடு நிறுத்தினால் 400 சதுர மீட்டர்க் கட்டம் உண்மையில் 346 சதுர மீட்டர்தான். ஹெக்டேருக்கு 13 விழுக்காடு கார்பன் காணாமல் போகும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வேலை செய்பவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை.

மூன்றாவது, இந்தியத் தரவுக்கே உரியது. நம் வனத்துறைகள் பெரும்பாலும் சுற்றளவைத்தான் எழுதுகின்றன. உலகச் சமன்பாடுகள் விட்டத்தைக் கேட்கின்றன. சுற்றளவை 3.1416 ஆல் வகுக்காமல் விட்டத்தின் இடத்தில் போட்டால் ஒரு மரத்தின் நிறை 9 மடங்குக்கு மேல் வீங்கும். பழைய தரவு கைக்கு வந்ததும் முதலில் மிகக் குறைந்த மதிப்பைப் பாருங்கள். 30 அல்லது 31 செ.மீ.யில் தொடங்கினால் அது சுற்றளவு. 10-இல் தொடங்கினால் பெரும்பாலும் விட்டம்.

நான்காவது பிழைக்கு நாடா காரணமில்லை, கண் காரணம். அழகான, உயரமான காட்டைத் தேடி மனை போடுவது. வரைபடத்தில் முன்கூட்டியே புள்ளிகளைச் சமவாய்ப்பு முறையிலோ சீரான கட்ட முறையிலோ குறித்துவிட்டு, புள்ளி முட்புதரில் விழுந்தாலும் அங்கேயே அளப்பதுதான் மருந்து.

கற்க எங்கே போவது? முதுமலையில் இந்திய அறிவியல் நிறுவனம் 1988-இல் தொடங்கிய 50 ஹெக்டேர் மனை, இலங்கையின் சிங்கராஜாவில் 25 ஹெக்டேர் மனை, பனாமாவின் பர்ரோ கொலராடோ தீவு, மலேசியாவின் பாசோ ஆகியவை ஒரே உலக வலையமைப்பில் உள்ளவை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் கோவையின் வன மரபியல், மர இனப்பெருக்க நிறுவனமும் அருகிலேயே இருக்கின்றன.

படி 4: வானத்திலிருந்து பரப்பைக் கணக்கிடுதல்

வெளியேற்றம் என்பது இரண்டு எண்களின் பெருக்கல்: எத்தனை ஹெக்டேர் அழிந்தது, ஒரு ஹெக்டேருக்கு எத்தனை டன். இரண்டாவது எண் மனையிலிருந்து வருகிறது, முதலாவது செயற்கைக்கோளிலிருந்து. லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் உண்டு. 2008-இல் இலவசமானதும் இந்தத் துறையே மாறிப்போனது. அதன் இன்றைய நுணுக்கம் 30 மீட்டர். 2015 முதல் வரும் சென்டினல்-2 10 மீட்டர். செயற்கைக்கோள் படங்களை அலசும் கூகுள் எர்த் எஞ்சின், வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் (QGIS), புள்ளியியல் நிரல் மொழியான ஆர் (R) மூன்றும் ஆய்வு மாணவருக்குச் செலவில்லாமல் கிடைக்கும், மூன்றையும் கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். உலக வரைபடங்களில் "மரப்பரப்பு இழப்பு" என்று சிவப்பாகத் தெரிவதெல்லாம் காடழிப்பு அல்ல. முதிர்ந்த ரப்பர் தோட்டத்தை வெட்டி மறுநடவு செய்தாலும் சிவப்பாகத்தான் தெரியும். அடுத்தது, வரைபடத்தின் படப்புள்ளிகளை எண்ணிப் பரப்பு சொல்லக் கூடாது. வரைபடம் தவறும், அதுவும் ஒரே பக்கமாகத் தவறும். வரைபடத்தை "மாறாத காடு", "அழிந்த காடு" என்பதுபோல் அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் சமவாய்ப்புப் புள்ளிகளைக் கண்ணால் சரிபார்த்து, அதிலிருந்து பரப்பையும் பிழை வரம்பையும் மதிப்பிடுவதே இன்று ஏற்கப்பட்ட முறை.

இதன் கனத்தை ஒரு கணக்கில் பாருங்கள். "மாறாத காடு" அடுக்கு 10 லட்சம் ஹெக்டேர், அதில் 400 புள்ளிகள் சரிபார்க்கிறீர்கள். ஒரே ஒரு புள்ளி காடழிப்பு என்று தெரிந்தால், அது 2,500 ஹெக்டேருக்குச் சமம். அந்த ஒரு புள்ளியில் நீங்கள் மேக நிழலை வெட்டுநிலமாகப் படித்திருந்தால் நாட்டின் எண்ணே ஆடிவிடும். ஆகவே ஒவ்வொரு புள்ளியையும் இருவர் தனித்தனியே படித்து, வேறுபட்டால் மூன்றாமவர் பார்க்க வேண்டும். சாலை ஓரமாகவும் காட்டு விளிம்பிலும் ஒரு இடைப்பட்ட அடுக்கு வைத்தால் இந்த ஆபத்து குறையும்.

படி 5: பணத்தைப் பின்தொடருங்கள்

வனவியலிலிருந்து வருபவர்கள் பயப்படும் இடம் இது. தேவையில்லை. மர அளவீட்டில் பழகிய அதே சந்தேகம்தான் இங்கும் வேண்டும்: இந்த எண் எங்கே, எப்போது, எந்த வரையறையில் அளக்கப்பட்டது?

பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் அடங்கிய ஓ.இ.சி.டி. (OECD) அமைப்பின் கடனளிப்போர் தரவுத்தளத்தை இறக்கிக்கொள்ளுங்கள்; எந்த நாடு எந்தத் திட்டத்துக்கு உதவிப் பணம் தந்தது என்ற பட்டியல் அது. வனவியல் 312 என்ற குறியீட்டில் இருக்கிறது. 31210 வனக் கொள்கை, 31220 வன மேம்பாடு. ஆனால் காட்டுக்குப் போகும் பணம் அதோடு முடியாது. உயிர்ப்பன்மைக்கான 41030, சூழல் கொள்கைக்கான 41010 ஆகியவற்றிலும் ஒளிந்திருக்கும். திட்ட விவரணைகளில் காடு என்ற சொல்லை ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றிலும் தேடுங்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் கையால் சரிபாருங்கள்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் அதே தரவுத்தளம் இடும் தணிப்புக் குறியீட்டில் (வெளியேற்றத்தைக் குறைப்பது நோக்கமா என்று காட்டும் எண்) 2 என்றால் காலநிலை முதன்மை நோக்கம், 1 என்றால் துணை நோக்கம், 0 என்றால் இல்லை. 1 போட்ட திட்டத்தின் முழுத்தொகையையும் காலநிலை நிதி என்று கூட்டுவது மாணவர் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் தவறு. எந்த விழுக்காட்டை எண்ணுவது என்பதில் கொடையாளி நாடுகளே வேறுபடுகின்றன. ஆகவே 100, 40, 0 என மூன்று கணக்கும் போட்டு வரம்பாகக் காட்டுங்கள். ஒப்புக்கொண்ட தொகையையும் வழங்கிய தொகையையும் ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள். நாடு பன்னாட்டு நிதியத்துக்குத் தந்ததையும் நிதியம் திட்டத்துக்குத் தந்ததையும் சேர்த்தால் ஒரே பணத்தை இருமுறை எண்ணியதாகிவிடும்.

பயிற்சிக்கு ஒரு நல்ல உதாரணம் நார்வே–இந்தோனேசியா ஒப்பந்தம். 2010 மே மாதம் 100 கோடி டாலர் வரை என்று அறிவிப்பு. 2021 செப்டம்பரில், முடிவுகளுக்கான பணம் வரவில்லை என்று இந்தோனேசியா ஒப்பந்தத்தை முறித்தது. 2022-இல் புதிய உடன்பாடு. 2016–17-இல் குறைந்த 1.12 கோடி டன்னுக்கு, டன்னுக்கு 5 டாலர் வீதம் 5.6 கோடி டாலர் வந்தது. ஒரு விரிதாளில் அறிவித்தது, கையெழுத்தானது, வைப்பானது, ஒப்புதலானது, வழங்கியது, காட்டில் வாழ்பவர் கைக்குப் போனது என்று ஆறு நெடுவரிசை போடுங்கள். அதையே பிரேசிலின் 2008 அமேசான் நிதிக்குப் போட்டுப் பாருங்கள்: 2019-இல் முடங்கி 2023 ஜனவரியில் உயிர்பெற்றது அது. கயானாவுக்கும் போடுங்கள். ஆறாவது நெடுவரிசை பெரும்பாலும் காலியாக இருக்கும். முனைவர் பட்ட ஆய்வுக்கான கேள்வி அந்தக் காலியிடத்தில்தான் இருக்கிறது.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் தொடங்கிய வெப்பமண்டலக் காடுகள் நிதியம் வேறு வழியில் போகிறது. 12,500 கோடி டாலர் திரட்டி முதலீடு செய்து, அதன் வருவாயில் நிற்கும் காட்டுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 டாலர், அதில் 20 விழுக்காடு பூர்வகுடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் என்பது திட்டம். இங்கே "இல்லாவிட்டால் என்னாகியிருக்கும்" என்ற கேள்வி இல்லை. பதிலாகப் பத்திரச் சந்தையின் வட்டி விகிதம் காட்டின் விதியோடு பிணைகிறது. நிதிக் கணிதம் தெரிந்த வனவியலாளருக்கு அடுத்த பத்தாண்டு வேலை இதில் உண்டு.

படி 6: "இல்லாவிட்டால்" என்பதை நிறுவுதல்

2023-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு 6 நாடுகளில் 26 தன்னார்வக் கார்பன் திட்ட இடங்களை, அதேபோன்ற திட்டமில்லாத இடங்களோடு ஒப்பிட்டது. பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்று கண்டது. அதே ஆண்டு நவம்பரில், கார்பன் திட்டங்களுக்குத் தர விதிகள் வகுக்கும் வெர்ரா அமைப்பு, அடிப்படைக் கோட்டை (திட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு காடு அழிந்திருக்கும் என்ற கணிப்பு) திட்ட உரிமையாளரே வரையும் பழைய வழியை மாற்றும் புதிய முறைமையை வெளியிட்டது. விவாதம் இன்னும் ஓயவில்லை. இரு பக்கத்து வாதங்களையும் மூலத்திலேயே படியுங்கள்.

கற்க வேண்டிய முறைகள்: இணைசேர்த்தல் (திட்ட இடத்தைப்போன்ற இடத்தோடு ஒப்பிடுவது), முன்பின் வேறுபாட்டின் வேறுபாடு (இரு இடங்களிலும் திட்டத்துக்கு முன்னும் பின்னும் வந்த மாற்றங்களை ஒப்பிடுவது), செயற்கை ஒப்பீட்டு இடம் (பல இடங்களைக் கலந்து கணக்கில் ஓர் ஒப்பீட்டு இடத்தை உருவாக்குவது). எல்லாமே ஆர் மொழியில் ஆறு மாதத்தில் கைக்கு வரும். தவறு நடப்பது நிரலில் அல்ல, ஒப்பீட்டு இடத் தேர்வில். சாலையிலிருந்து தூரம், சரிவு, மண், நில உரிமை, முந்தைய காடழிப்பு ஆகியவை ஒத்திருக்க வேண்டும். திட்ட எல்லையை ஒட்டிய இடத்தை ஒப்பீடாக எடுத்தால், வெட்டு இங்கிருந்து அங்கே நகர்ந்ததையே திட்டத்தின் வெற்றியாகக் கணக்கிட்டுவிடுவீர்கள். குறைந்தது 10 கிலோமீட்டராவது விட்டு எடுத்து, தூரத்தை மாற்றி மாற்றிச் சோதியுங்கள்.

படி 7: மொழியும் அனுமதியும்

அமேசானுக்குப் போர்த்துகீசு, ஸ்பானிஷ். காங்கோ படுகைக்குப் பிரெஞ்சு. இந்தோனேசியாவுக்கு பஹாசா, தமிழருக்கு உச்சரிப்பு எளிது. ஒன்றைத் தேர்ந்து இரண்டாண்டு உழையுங்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாக நில உரிமை பற்றிப் பேசினால் அரைகுறைப் பதில்தான் கிடைக்கும்.

வெளிநாட்டில் ஆய்வு விசாவும் ஆய்வு அனுமதியும் வெவ்வேறு. சுற்றுலா விசாவில் போய் நேர்காணல் எடுத்தால் தரவும் போகும், உங்களை அழைத்த உள்ளூர் நண்பருக்கும் சிக்கல். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டு உயிர்ப்பன்மைச் சட்டப்படி, வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் வெளிநாடு வாழ் இந்தியரானவருக்கும் உயிரியல் வளங்களை ஆய்வுக்குப் பெறச் சென்னையிலுள்ள தேசிய உயிர்ப்பன்மை ஆணையத்தின் ஒப்புதல் தேவைப்படும். ஐரோப்பாவில் முனைவர் பட்டம் படிக்கும் பலருக்கு இது தெரிவதில்லை. வனத்துறை அனுமதி தனி. களப்பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே கடிதத்தைக் கொடுங்கள்.

படி 8: வேலை

இந்தோனேசியாவின் போகோரிலும் நைரோபியிலும் தலைமையகங்கள் கொண்ட வன, வேளாண்காட்டு ஆராய்ச்சி அமைப்பான சிஃபோர்–இக்ராஃப், ரோமில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு, உலக வங்கி, யோகோஹாமாவில் சர்வதேச வெப்பமண்டல மர அமைப்பு ஆகியவை எல்லோரும் அறிந்த கதவுகள், கூட்டமும் அங்கேதான். கார்பன் திட்டங்களைச் சரிபார்க்கும் தணிக்கை நிறுவனங்களிலும் தரமதிப்பீட்டு நிறுவனங்களிலும் புதியவருக்கு இடம் அதிகம். இரண்டு ஆண்டில் பல நாட்டுத் திட்ட ஆவணங்களைக் கரைத்துக் குடித்துவிடலாம். ஆனால் அங்கே கட்டணம் செலுத்துபவர் பெரும்பாலும் தணிக்கைக்கு உள்ளாகும் திட்டமே என்பதை மறக்காதீர்கள்.

விண்ணப்பத்தோடு சான்றிதழ் மூட்டையைவிட ஒரே ஒரு முழு வேலையை இணையுங்கள்: ஒரு மாவட்டத்தின் காடழிப்புப் பரப்பு, பிழை வரம்புடன், நிரலும் தரவும் திறந்த நிலையில், 8 பக்கத்துக்குள். பேராசிரியருக்கு எழுதும்போது அவருடைய கட்டுரையின் ஓர் அட்டவணையைக் குறிப்பிட்டு, அதை உங்கள் தரவில் செய்துபார்த்தபோது என்ன வந்தது என்று நான்கு வரியில் சொல்லுங்கள்.

அனுபவம் வளர்ந்தபின், ஐ.நா. காலநிலை அமைப்பின் நிபுணர் பட்டியலுக்கு உங்கள் அரசு உங்களைப் பரிந்துரைக்கலாம். ஒரு நாட்டின் வன ஒப்பீட்டு அளவை இருவர் மதிப்பிடுவார்கள். ஒருவர் வளர்ந்த நாட்டவர், மற்றவர் வளரும் நாட்டவர். அந்த இரண்டாவது நாற்காலிக்குக் களமும் கணக்கும் ஒருசேரத் தெரிந்தவர்கள் போதவில்லை.

எந்த ஆய்வு ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுமுன் மூன்று வரிகளைத் தேடுங்கள். முடிவு எதுவானாலும் வெளியிடும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா? களத் தரவு யாருக்குச் சொந்தம்? ஆய்வு முடிந்ததும் அந்தக் கிராமத்துக்குத் திரும்பிப்போய், அவர்கள் மொழியில் முடிவைச் சொல்லப் பயணச் செலவு ஒதுக்கப்பட்டிருக்கிறதா? மூன்றாவது வரி பெரும்பாலும் இருக்காது. வரவு செலவுத் திட்டத்தை எழுதும்போதே நீங்கள் சேர்த்துவிடுங்கள். பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.